வீல் கட்ட எந்தக் கடை?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. சில இடங்களை மட்டும் சுருக்கி, பேசியபடியே தந்திருக்கிறோம். – ஆசிரியர் குழு)



மழைநீர் வடிகால், தெருநாய், லாரித் தண்ணீர் மூன்றையும் பேசி எல்லோரும் களைத்திருக்கிறீர்கள். இந்த நேரத்தில் சைக்கிள் சக்கரத்தைப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்கிறானே என்று தோன்றலாம். இன்றைய அஜெண்டாவில் கடைசித் தீர்மானத்தைப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்கா வாசலில் சைக்கிள் சர்வீஸ் முகாம், ஒரே கடையை வரவழைக்கிறோம், உறுப்பினர்களுக்குத் தள்ளுபடி. நல்ல காரியம். செயின் இறுக்கட்டும், பிரேக் கட்டை மாற்றட்டும், ஆயில் விடட்டும், பஞ்சர் ஒட்டட்டும். ஆனால் அந்த நோட்டீஸில் கடைசி வரியாக “வீல் புதிதாகக் கட்டித் தரப்படும்” என்று இருக்கிறது. அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் வந்தேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் முடிவு செய்யுங்கள்.

மாட்டு வண்டிச் சக்கரம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நடுவில் குடம், அதிலிருந்து மர ஆரக்கால்கள். வண்டியின் பாரம் கீழ்ப்பக்கம் இருக்கும் ஆரக்காலில் இறங்குகிறது, மரம் தூண் மாதிரி தாங்குகிறது. சைக்கிளில் அந்த இடத்தில் இருப்பது இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள போக்ஸ் கம்பி. ஒரு கம்பியைத் தனியாக எடுத்துத் தரையில் நிறுத்தி மேலிருந்து விரலால் அழுத்திப் பாருங்கள், வில்லாக வளைந்துவிடும். அப்படிப்பட்ட கம்பிகள் எண்பது கிலோ ஆளையும், கேரியரில் அரிசி மூட்டையையும் எப்படித் தாங்குகின்றன?

எல்லாக் கம்பிகளும் முன்கூட்டியே இழுத்து விறைப்பாகக் கட்டப்பட்டிருப்பதால்தான். ரிம்மைச் சுற்றி எல்லாத் திசையிலிருந்தும் ஒரே மாதிரி இழுவை. நாம் ஏறி உட்கார்ந்ததும் தரைக்கு நேர் மேலே இருக்கும் சில கம்பிகளில் மட்டும் அந்த விறைப்பு குறைகிறது. மற்றக் கம்பிகளில் பெரிய மாற்றம் இல்லை. ஜோப்ஸ்ட் பிராண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1981-இல் சைக்கிள் சக்கரத்துக்காகவே ஒரு புத்தகம் எழுதினார். அதில் இதைக் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார். கம்பியை இழுத்துக் கட்டும் யோசனை இன்னும் பழையது. பறக்கும் இயந்திரத்துக்கு எடை குறைந்த சக்கரம் வேண்டும் என்று 1808-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் கேலி எழுதிவைத்தது. 1874-இல் காவென்ட்ரி ஊரில் ஜேம்ஸ் ஸ்டார்லி கம்பிகளை ஒன்றுக்கொன்று குறுக்கே போகும்படி பின்னினார். நம் வாட்ச்மேன் வண்டியில் இன்றைக்கும் அதே பின்னல்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஒவ்வொரு கம்பியும் ஒரு முறை தளர்ந்து, ஒரு முறை விறைக்கிறது. 28 இஞ்ச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் போகும். அப்படியென்றால் ஒரு கிலோமீட்டருக்கு 450 சுற்று. பள்ளிக்கூடம் ஐந்து கிலோமீட்டர் என்றால், போய் வர ஒரு நாளைக்கு 4,500 சுற்று. 200 பள்ளி நாளுக்கு ஒன்பது லட்சம். கட்டுக்கம்பியை விரலால் முன்னும் பின்னும் பத்துத் தடவை வளைத்தால் முறிந்துவிடும். போக்ஸ் கம்பி ஒன்பது லட்சம் தடவை அசைந்தும் முறியாமல் இருப்பதற்குக் காரணம், அது முழுவதுமாகத் தளர்ந்துபோகாத அளவுக்கு விறைப்பு இருப்பது. விறைப்பு குறைந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் தொளதொளவென்று ஆகி மறுபடி வெடுக்கென்று இழுபடும். ஹப்பில் மாட்டியிருக்கும் வளைவு இருக்கிறதே, அங்கேதான் முறியும். இன்னொரு பக்கம் நிப்பிள் தானாகக் கழன்று வரும்.

கம்பி அறுந்தால் பலரும் “ரொம்ப இறுக்கிட்டான், அதான் அறுந்துபோச்சு” என்கிறார்கள். பெரும்பாலும் விஷயம் தலைகீழ். சரியாக இறுக்காததாலும், ஒன்று இறுக்கமாக அடுத்தது தளர்வாக இருப்பதாலும்தான் அறுகிறது.

நம் இரண்டாம் குறுக்குத் தெருவில் ஒரு கல்லூரி மாணவர் கியர் சைக்கிள் ஓட்டுகிறார். ஐந்து மாதத்தில் மூன்று முறை பின்சக்கரத்தில் கம்பி அறுந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே கடை. கடையின் பெயர் வேண்டாம். ஒரு கம்பி போட்டு, கோட்டம் எடுத்து, “தம்பி கொஞ்சம் மெதுவா ஓட்டு” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். மூன்று முறையும் அறுந்தது ஒரே பக்கம், பல்சக்கரம் இருக்கும் பக்கம், ஹப் வளைவில். நான்காவது முறை மெயின் ரோட்டில் இரண்டு கம்பி சேர்ந்து போய், ரிம் வளைந்து ஃபிரேமில் உரசிச் சக்கரம் நின்றுவிட்டது. பையன் கீழே விழுந்தார். பின்னால் வந்த பஸ் டிரைவர் பிரேக் போட்டதால் முழங்கைச் சிராய்ப்போடு போனது.

ஒரு கம்பி அறுவதற்கு வெளியிலிருந்து காரணம் இருக்கலாம். சக்கரத்தில் குச்சி மாட்டியிருக்கலாம், செயின் உள்ளே விழுந்து கம்பியைச் சிதைத்திருக்கலாம். அப்போது ஒரு கம்பி மாற்றினால் போதும். காரணமே இல்லாமல், அதே பக்கத்தில், ஹப் வளைவிலேயே இரண்டாவது கம்பியும் அறுந்தால், மீதிக் கம்பிகளும் அதே ஒன்பது லட்சம் சுற்றைச் சுற்றியவைதான். மொத்தமாகப் பிரித்துப் புதுக் கம்பி போட்டுக் கட்ட வேண்டும். இதை வாடிக்கையாளர் சொல்லும் முன்னால் கடைக்காரர் சொல்ல வேண்டும். சொல்லாத கடையைப் பற்றி யோசியுங்கள்.

சரி, எந்தக் கடை? டூல் ரூமில் வேலை பார்த்தவன் என்பதால் குழு இதை என்னிடம் விட்டது. வாய்வார்த்தையாகச் சொல்வதைவிடச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். நம் சங்கத்துக்கு இரவுக் காவலுக்கென்று இரண்டு கறுப்பு வண்டிகள் இருக்கின்றன. கடலுக்கு ஒன்றரை கிலோமீட்டரில் இருக்கிறோம். ரிம் என்ன கதியாகும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு வண்டியிலும் பின் ரிம் துருப்பிடித்து உதிர ஆரம்பித்திருந்தது, ஹப் மட்டும் நன்றாக இருந்தது. பொருளாளர் அனுமதியோடு ரத்தன் பஜாரில் ஒரே மாதிரி இரண்டு ஸ்டீல் ரிம்மும், ஒரே பாக்கெட்டிலிருந்து 80 கம்பியும் வாங்கினேன். இந்த வண்டிகளுக்கு முன்னால் 32 கம்பி, பின்னால் 40. பாரம் ஏறுவது பின்னால் என்பதால் பழைய இங்கிலீஷ் வண்டிகளில் இருந்து வந்த கணக்கு இது. சாமான் இரண்டும் ஒன்று, எனவே வித்தியாசம் வந்தால் அது கையில்தான்.

மூன்று கடைகளில் கேட்டேன். ஒருவர், “இதெல்லாம் யாரு சார் இப்ப கட்டுறா, ரெடிமேட் வீல் வாங்கிப் போட்டுருங்க” என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. வராத வேலையை மாட்டேன் என்று சொல்வதும் ஒரு நேர்மை.

இரண்டாவது, தெருமுனையில் பலகை போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர். சுவரில் பழைய ஃபோர்க் ஒன்றைத் தலைகீழாக அடித்து வைத்திருப்பார், அதுதான் அவருடைய ஸ்டாண்ட். சக்கரத்தைக் கொடுத்ததும் முதலில் கேட்டது, “யாரு ஓட்டுறது? பின்னாடி ஆள் ஏறுமா?” ஏறும். நம் இரண்டு காவலர்களும் ஒரே வண்டியில்தான் டீ குடிக்கப் போகிறார்கள், அதை நிர்வாகக் குழு கண்டுகொள்ளாமல் இருக்கட்டும். பிறகு அச்சை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார். கோன் கொஞ்சம் கடகடத்தது, பிரித்து பால்ரஸ் மாற்ற வேண்டும் என்றார். நான் கொடுத்த நாற்பதில் இரண்டு கம்பியை மரை சரியில்லை என்று தள்ளி வைத்தார். “இன்னைக்கு முடியாது, நாளன்னைக்கு வாங்க” என்றார்.

நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். கம்பி கோத்து முடித்ததும் மரையில் ஒரு சொட்டு எண்ணெய். பிறகு நிப்பிள் சாவியை எடுத்து ஒரு சுற்றுக்கு அரைத் திருப்பு, வால்வு ஓட்டையில் ஆரம்பித்து அதே ஓட்டையில் முடிப்பது. அப்படி எத்தனை சுற்று என்று நான் எண்ணவில்லை. பாதியில் நிறுத்தி, பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை இரண்டு கையாலும் சேர்த்துப் பிழிகிறார். டிக், டிக்கென்று சத்தம் வருகிறது. முறுக்கிக்கொண்டிருந்த கம்பி அவிழ்கிறது, ஹப்பில் ஒழுங்காக உட்காராத வளைவு உட்காருகிறது. இதைக் கடையில் செய்யாவிட்டால் நாம் ஏறி ஓட்டும்போது ரோட்டில் நடக்கும், சக்கரம் மறுநாளே கோட்டமாகும். பிழிந்த பிறகு கோட்டம் மறுபடி வரும், மறுபடி எடுக்க வேண்டும். மூன்று முறை செய்தார். கடைசியில் நகத்தால் ஒவ்வொரு கம்பியையும் சுண்டிச் சுண்டிக் கேட்டுக்கொண்டே போனார்.

மூன்றாவது, மெயின் ரோட்டில் கண்ணாடி போட்ட பெரிய கடை. நல்ல ஸ்டாண்ட், வரிசையாக டூல்ஸ், யூனிஃபார்ம் போட்ட பையன்கள், ரசீது. காலையில் கொடுத்தேன், மதியம் தயார் என்று போன் வந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். பெரிய கடையின் சக்கரம் பக்கவாட்டில் கால் மில்லிமீட்டர்கூட ஆடவில்லை. பெரியவருடையது முக்கால் மில்லிமீட்டர் ஆடியது, ரிம் ஒட்டு இருக்கும் இடத்தில் மேலும் கீழும் கொஞ்சம் துள்ளியது. அதோடு விட்டிருந்தால் பெரிய கடைக்குத்தான் பரிசு. ஆனால் கம்பியைச் சுண்டினேன். ஒரே நீளம், ஒரே கனம், ஒரே பக்கம் என்றால் எல்லாக் கம்பியும் ஏறக்குறைய ஒரே ஸ்வரத்தில் பேச வேண்டும். பெரியவர் சக்கரத்தில் அப்படித்தான் பேசின. பெரிய கடைச் சக்கரத்தில் ரிம் ஒட்டுக்குப் பக்கத்தில் இரண்டு கம்பி கீச்சென்று உச்சத்தில், அதற்கு அடுத்தவை மொத்தென்று. ரிம்மில் அந்த இடத்தில் இருந்த வளைவைக் கம்பியை இழுத்தே நேராக்கியிருக்கிறார்கள். பார்வைக்கு நேராக ஓடும், உள்ளே இழுவை சமமாக இல்லை.

ஆறு வாரம் இரண்டு வண்டியும் ராத்திரி ரவுண்டு போனது. பெரியவர் கட்டியது அன்றைக்கு இருந்த அதே முக்கால் மில்லிமீட்டரிலேயே இருக்கிறது. மற்றது ஒன்றரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது, மூன்று நிப்பிள் கையால் திருப்பினாலே திரும்புகிறது.

இதை வைத்து “பெரிய கடை மோசம், மரத்தடிக் கடையே நல்லது” என்று நான் பேசிவிட்டுப் போனால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அது முழு உண்மையில்லை. பெரியவர் கட்டிய சக்கரத்தில் இரண்டாவது வாரமே பஞ்சர். ரிம்முக்கு உள்ளே டியூபை வெட்டிப் பட்டையாகப் போட்டிருந்தார், அது ஒரு இடத்தில் எட்டவில்லை, கம்பி முனை குத்திவிட்டது. பதினைந்து ரூபாய் டேப்பில் மிச்சம் பிடிக்கிற பழக்கம். பில்லும் கிடையாது. கிழிந்த கேலண்டர் தாளில் எழுதிக் கொடுத்ததை ஆடிட்டரிடம் எப்படிக் காட்டுவது என்று பொருளாளர் இன்னும் என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார்.

பெரிய கடைக்குச் சக்கரத்தைத் திருப்பி எடுத்துப் போனேன். வேலை செய்த பையனிடம் கம்பியைச் சுண்டிக் காட்டினேன். அவனுக்கு உடனே புரிந்தது. காசு வாங்காமல், என் எதிரிலேயே ஒட்டு இருந்த இடத்தில் எல்லாவற்றையும் தளர்த்தி, ரிம்மைச் சரிசெய்து, மறுபடி கட்டினான். பிழிந்தான், சுண்டினான், எல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. “அன்னைக்கே இப்படிச் செஞ்சிருக்கலாமே தம்பி” என்றேன். “சார், ஒரு நாளைக்கு இத்தனை வண்டி முடிக்கணும்னு கணக்கு இருக்கு” என்றான்.

அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் நம் முகாம் நோட்டீஸின் கடைசி வரி எனக்கு உறுத்த ஆரம்பித்தது. பெரியவருக்கு நல்ல ஸ்டாண்ட் இல்லை, ஆனால் நாளன்னைக்கு வாங்க என்று சொல்லும் தைரியம் இருக்கிறது. பையனுக்கு எல்லா டூலும் இருக்கிறது, நேரம் இல்லை. பூங்கா வாசலில் அறுபது வண்டி வரிசையில் நிற்க, பிள்ளைகள் “அங்கிள் என்னது ஆயிடுச்சா” என்று கேட்டுக்கொண்டிருக்க, பகல் ஒரு மணிக்குள் ஷாமியானாவைக் கழற்ற வேண்டுமென்றால், எந்தக் கடைக்காரர் மூன்று முறை பிழிந்து மூன்று முறை கோட்டம் எடுப்பார்? நேராக ஓடுகிறதா, எடுத்துப் போ. அப்படிக் கட்டிய சக்கரத்தில்தான் திங்கட்கிழமை நம் பிள்ளைகள் மெயின் ரோட்டுக்குப் போவார்கள்.

அதனால் வீல் வேலைக்கு நீங்களே கடை பார்த்துக்கொள்ளுங்கள். கடை வாசலில் நின்று என்ன கவனிக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

சக்கரத்தைக் கையில் வாங்கியதும் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். சுற்றி விட்டு, கம்பிகளைத் தொட்டுப் பார்த்து, அச்சை உருட்டிப் பார்த்து, யார் ஓட்டுவது என்று கேட்டால் உட்காருங்கள். வாங்கிய உடனே நிப்பிள் சாவியை எடுத்து எங்காவது திருப்ப ஆரம்பித்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அலாய் ரிம் பள்ளத்தில் விழுந்து நசுங்கியிருந்தால், அதைச் சுத்தியலால் தட்டி நேராக்குகிறேன் என்பவரிடமும் வேண்டாம். ஸ்டீல் ரிம் சின்னத் தட்டுதலைப் பொறுத்துக்கொள்ளும், அலாய் விரிசல் விடும். பிரேக் கட்டை உரசும் ரிம் என்றால் பக்கச் சுவரை விரலால் தடவிப் பாருங்கள். குழி விழுந்திருந்தால் அந்த ரிம்மின் ஆயுசு முடிந்தது, அதில் புதுக் கம்பி போடுவது வீண். நல்ல கடைக்காரர் இதைத் தானே சொல்லிவிடுவார்.

பின்சக்கரத்தில் பல்சக்கரப் பக்கம் கம்பி போட வேண்டுமென்றால் ஃப்ரீவீலைக் கழற்றியாக வேண்டும். அதற்கு அந்தந்த மாடலுக்கு ஏற்ற டூல் உண்டு. “ஃப்ரீவீல் எதால் கழற்றுவீர்கள்?” என்று கேளுங்கள். டூலை எடுத்துக் காட்டினால் சரி. உளியையும் சுத்தியலையும் எடுத்தால் நமஸ்காரம். புதிய கியர் வண்டிகளில் கேசட் என்று வேறு அமைப்பு, அதற்கு வேறு டூல். டிஸ்க் பிரேக் இருந்தால் கம்பிப் பின்னலிலும் கவனம் வேண்டும். பிரேக்கின் முறுக்கு விசை ஹப் வழியாகத்தான் கம்பிக்குப் போகிறது, குறுக்குப் பின்னல் இல்லாமல் நேராகக் கட்டக் கூடாது.

கம்பி நீளம் இன்னொரு விஷயம். டயரைக் கழற்றி ரிம்மின் உள்பக்கம் பார்த்தால் நிப்பிள் தலையில் ஒரு வெட்டு தெரியும். கம்பி முனை அந்த வெட்டு வரை வந்திருக்க வேண்டும். அதைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் நீளம் தப்பு. சிலர் அரத்தால் தேய்த்து மழுக்குவார்கள், ஆனாலும் என்றைக்காவது டியூபைக் குத்தும். எட்டாமல் உள்ளே நின்றால் இரண்டு மூன்று மரையில் தொங்குகிறது என்று அர்த்தம், நிப்பிள் உடையும். “இந்த நீளம் ஸ்டாக் இல்லை சார், வரவழைச்சுத் தர்றேன்” என்று சொல்லும் கடை, இருப்பதை வைத்து ஒப்பேற்றும் கடையைவிட மேல். நம்மைப் போன்ற கடலோரத்துக்கு ஸ்டெயின்லெஸ் கம்பி, பித்தளை நிப்பிள் கேளுங்கள். விலை கூடத்தான் இருக்கும். துருப்பிடித்து இறுகிய நிப்பிளை அடுத்த வருடம் யாராலும் திருப்ப முடியாது, அப்போது மொத்தச் சக்கரமும் போகும்.

கடையில் அளவு சொல்லும்போது “26 இஞ்ச்” என்று மட்டும் சொல்லாதீர்கள். டயரின் பக்கத்தில் சின்னதாக இன்னொரு எண் அச்சடித்திருக்கும். 26 இஞ்ச் என்ற ஒரே பேரில் 559, 584, 590 எனப் பல ரிம் அளவுகள் உண்டு. பழைய கறுப்பு வண்டியின் 28 இஞ்ச் என்பது 635. இன்றைய ஹைப்ரிட் வண்டிகளின் 700சி-யும், 29 இஞ்ச் வண்டியும் 622. போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

வேலை முடிந்து வாங்கும்போது மூன்றே நிமிஷம் செலவழியுங்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். அரை மில்லிமீட்டருக்குள் ஆடினால் அருமை, ஒன்று வரைக்கும் பரவாயில்லை. பிறகு கம்பியைச் சுண்டுங்கள், ஒரு பக்கத்துக் கம்பியை அதே பக்கத்துக் கம்பியோடு மட்டும் ஒப்பிடுங்கள். பின்சக்கரத்தில் பல்சக்கரப் பக்கம் ஸ்வரம் கொஞ்சம் மேலேதான் இருக்கும், அது தப்பில்லை. ரிம் ஃபிரேமுக்கு நடுவில் நிற்கிறதா என்று தெரிய, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி வர வேண்டும். வீட்டில் பாட்டு வாத்தியார் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள், வேலை சுலபம்.

கூலி விஷயத்தில் ஒரு வார்த்தை. கம்பி விலை, ரிம் விலை, கூலி என்று தனித்தனியாகச் சொல்லும் கடையைத் தேர்ந்தெடுங்கள், பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். சாமான் விலையில் பேரம் பேசுங்கள். கூலியில் வேண்டாம். ஒரு சக்கரத்தை ஒழுங்காகக் கட்ட ஒன்றரை மணி நேரம் போகிறது. நாம் குறைக்கிற ஐம்பது ரூபாயை அவர் அந்த மூன்றாவது பிழிதலில்தான் மிச்சம் பிடிப்பார்.

இனி யார் எங்கே போகலாம்? என் கணக்கில், கறுப்பு வண்டி, பள்ளிப் பிள்ளைகளின் கியர் இல்லாத வண்டி, அரசு பதினொன்றாம் வகுப்பில் கொடுக்கும் இலவச சைக்கிள், இஸ்திரிக்காரர், பேப்பர்காரர் வண்டி எல்லாம் பெரியவரிடம் போகட்டும். ரிம் டேப்பை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கேசட், டிஸ்க் பிரேக், ஞாயிறு காலை ஈ.சி.ஆரில் ஓட்டும் இளைஞர்களின் வண்டி எல்லாம் பெரிய கடைக்கு. ஆனால் “அவசரமில்லை, இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிக் கொடுங்கள். கம்பியைச் சுண்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன் என்றும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆச்சரியமாக வேலை செய்கிறது அந்த ஒரு வாக்கியம்.

சங்கத்துக்கு நான் கேட்பது இவ்வளவுதான். முகாம் நடக்கட்டும். அங்கே கம்பியைச் சுண்டிப் பார்த்து, எந்தச் சக்கரத்துக்கு வேலை இருக்கிறது என்று ஒரு சீட்டு மட்டும் கட்டி அனுப்பலாம், அதற்கு நான் வந்து உட்காருகிறேன். கட்டும் வேலை கடையில், கடைக்காரர் சொல்லும் நாளில் நடக்கட்டும். நோட்டீஸ் போர்டில் ஒரே கடையின் பெயரைப் போடாமல் இரண்டு கடையையும், எந்த வண்டிக்கு எது என்று சேர்த்துப் போடலாம்.

கேள்வி நேரத்தில்:

ரெடிமேட் வீல் மலிவாகக் கிடைக்கிறதே, கட்டுவது எதற்கு என்று ஒரு உறுப்பினர் கேட்டார்.

சாதாரணச் சின்னப் பிள்ளை வண்டிக்கு ரெடிமேட் போதும். கட்டும் செலவு அதைவிட அதிகம் ஆகலாம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் மெஷினில் கட்டிவரும் மலிவுச் சக்கரங்களில் பல, விறைப்பு குறைவாகத்தான் வருகின்றன. மாட்டுவதற்கு முன் கடைக்காரரை ஒருமுறை எல்லாக் கம்பியையும் சமமாக இறுக்கித் தரச் சொல்லுங்கள். அதற்குக் கூலி கேட்டால் கொடுங்கள். ஹப் நல்ல ஹப்பாக இருந்தால் மட்டும் கட்டுவது லாபம்.

ரிம் மட்டும் மாற்றுகிறோம், பழைய கம்பியையே போடலாமா என்று ஒரு அம்மா கேட்டார்.

புது ரிம் அதே அளவு, கம்பிக்கு அதிக வயதாகவில்லை, ஒன்றும் இதுவரை அறுந்ததில்லை என்றால் போடலாம். ஒன்றிரண்டு அறுந்திருந்தாலோ, வளைவில் துரு இருந்தாலோ வேண்டாம். கூலி இரண்டுக்கும் ஒன்றுதான், கம்பிக் காசில் மிச்சம் பிடித்து அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டிவரும்.

புதிதாகக் கட்டிய சக்கரத்தை மறுபடி காட்ட வேண்டுமா என்று இளைஞர் ஒருவர் கேட்டார்.

ஆமாம். இரண்டு வாரம் ஓட்டிவிட்டு ஒருமுறை கொண்டுபோங்கள். புதுக் கம்பி கொஞ்சம் உட்காரும், ஒரு தடவை சரிபார்த்தால் பிறகு நெடுநாள் தொட வேண்டியதில்லை. “திரும்ப எப்போ வரணும்?” என்று கட்டும்போதே கேளுங்கள். “வரவே வேண்டாம் சார்” என்றால், அடுத்த முறை வேறு கடை பாருங்கள்.

(நோட்டீஸின் கடைசி வரியை நீக்கிவிட்டு முகாம் தீர்மானம் நிறைவேறியது. இரண்டு காவல் வண்டிகளும் அலுவலக வாசலில் நிற்கின்றன. கம்பியைச் சுண்டிப் பார்க்க விரும்புவோர் மாலை ஐந்து முதல் ஏழு மணிக்குள் வரலாம். முகாம் தேதி பின்னர் அறிவிக்கப்படும். – ஆசிரியர் குழு)